ஏலப்பூவுக்கு முந்திய பூக்கள்

காலை நடைக்கு நானும் மதினியும் போவது போடிக்கு மேற்கே, மலையடிவாரத்து வண்டிப்பாதையில். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் மாந்தோப்புகளின் கம்பிவேலி. மதினி என் அண்ணனின் மனைவி. மதுரையில் ஒரு நாளிதழில் செய்தி திருத்தும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நான் ஊர் திரும்பியபின் இருவருக்கும் இது பழக்கமாயிற்று. மருத்துவர் சொன்ன வேகத்தில் என்னால் ஒருநாளும் நடக்க முடிந்ததில்லை. மதினி நின்று நின்றுதான் வருவார்.

"ஏத்தா, இங்க வந்து பாரு. என்னமா வேலை பாக்குது."

அவர் காட்டுவது பெரும்பாலும் தும்பைச் செடியாக இருக்கும். தேனீ பூவின் கீழ் இதழில் காலை ஊன்றித் தலையை உள்ளே விடும்போது, மேலே வளைந்திருக்கும் மூடி அதன் முதுகில் படும். வெளியே வரும்போது முதுகில் மாவு அப்பியிருக்கும். அதே செடியில் அடுத்த பூ, அதற்கடுத்த பூ என்று ஒன்றையும் விடாது. தும்பையை அடுத்து நாய்த்துளசி, வெட்டுக்காயப் பூண்டு, மூக்கிரட்டை, நெருஞ்சி. நெருஞ்சிக்குக் காலையிலேயே வந்து மகரந்தம் எடுத்துக்கொண்டு போய்விடும்; மதியத்துக்கு மேல் அந்தப் பூ சுருங்கிவிடும். நாய்த்துளசியில் வெயில் சாயும்வரை கூட்டம் இருக்கும். இவற்றில் எதையும் யாரும் நட்டதில்லை. ஆடு கடித்தது போக, மண்வெட்டிக்குத் தப்பியது போக நிற்பவை. ஆனால் மாம்பூ உதிர்ந்து புளியமரம் பூக்கிறவரைக்கும் உள்ள வறண்ட நாட்களில் அந்தப் பாதையில் தேனீக்கு வேறு சாப்பாடு இல்லை. இதை நான் எங்கும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தினமும் அதே இடத்தில் நின்றால் தானாகத் தெரிந்துவிடுகிறது.

அண்ணனுக்குப் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரள எல்லைக்குள் இறங்கும் சரிவில் ஏலத்தோட்டம் இருக்கிறது. பெரிய தோட்டமில்லை. காலையில் வேலையாட்களோடு ஜீப்பில் ஏறி, சாயங்காலம் இறங்கிவிடுகிற போடிக்காரர்களில் அவரும் ஒருவர். ஏலச்செடி தன் பூவை உச்சியில் வைப்பதில்லை. தூரிலிருந்து தரையோடு நீளும் சரத்தில் வைக்கிறது. வெள்ளைப் பூ, நடுவில் ஊதாக் கோடுகள். விடியும்போது மலர்ந்தால் மறுநாளைக்கு இருக்காது. அந்த ஒரு பகலுக்குள் தேனீ வந்து போனால் காய், வராவிட்டால் உதிர்வு. தோட்டம் வைத்திருக்கும் எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்தும், தேனீயையும் சேர்த்துக் கொல்லும் பூச்சிமருந்தை அடிக்கிறார்கள். அடிக்காவிட்டால் இலைப்பேன் விழுந்து காயெல்லாம் சொறி பிடித்துவிடும் என்று பயம். அதில் பொய்யில்லை. சொறிக்காயைக் கையில் எடுத்த வியாபாரி அண்ணனின் முகத்தைப் பார்க்காமலே சாக்கைக் கட்டச் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன்.

மதினியின் பயம் வேறு. ஆள் கிடைக்காத நாட்களில் அண்ணனே மருந்துக் குழாயைப் பிடிப்பார். அன்றைய இரவு சோற்றைக் கையால் பிசைய மாட்டார், கரண்டியால் சாப்பிடுவார். உள்ளங்கை எரிகிறது என்று சொல்வதில்லை. கண் சிவந்திருந்தால் 'மலைக்காத்து' என்பார். மதினி வாங்கிக் கொடுத்த கையுறை ஜீப்பின் சீட்டுக்கு அடியில் உறை பிரிக்காமல் கிடக்கிறது.

"நிறுத்துங்கன்னா நிறுத்த மாட்டாக" என்று ஒருநாள் அடிவாரப் பாதையில், தும்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மருந்தில்லாமயும் காய் பிடிக்கும்னு கண்ணால காட்டுனாத்தான் நிறுத்துவாக."

தேனீப் பெட்டிகள் வந்தது அதற்காகத்தான். தேவாரத்துப் பக்கம் தேனீ வளர்க்கும் உறவுக்காரர் ஒருவரிடமிருந்து ஐந்து பெட்டிகள் வாங்கினார். உள்ளே வரிசையாக அடை கட்டி வாழும் நம்மூர் அடுக்குத் தேனீ. பெட்டிகள் வீட்டுக்கு வந்த அன்று சாப்பாட்டின்போது பேச்சை எடுத்தார்.

"கீழ்ப்பத்திய ஒரு போகத்துக்கு எங்கிட்ட விடுங்க. அங்க மருந்து வேணாம்."

கீழ்ப்பத்தி என்பது தோட்டத்தின் தாழ்ந்த பாதி. அண்ணன் சிரித்தார். "எனக்குச் சோலி மிச்சம். காய் பிடிக்கலேன்னா?"

"பிடிக்கலேன்னா மருந்துப் பீப்பாய நானே கழுவித் தர்றேன். அதுக்கப்புறம் மருந்தப் பத்தி வாயத் திறக்க மாட்டேன்."

"பாப்பா, நீதான் சாட்சி" என்று அண்ணன் என் பக்கம் திரும்பினார். "முதல் பக்கத்துலயே போட்ரு."

மாசி முடிவதற்குள் பெட்டிகள் மலைக்கு ஏறின. கீழ்ப்பத்தியின் ஓரத்தில், நிழல் மரங்களுக்கு அடியில் இரும்புக் கால்களில் நிறுத்தி, எறும்பு ஏறாமல் இருக்க ஒவ்வொரு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைத்தார் மதினி. வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஆட்களோடு ஜீப்பில் போய் வந்தார். நானும் சில நாள் போனேன். இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு வளைவுக்கு வளைவு பேச்சு வேண்டும். அந்த மாதங்களில் மதினிதான் பேச்சு.

"அக்கா, ஈக்கெல்லாம் இந்த வாரச் சம்பளம் போட்டாச்சா?"

"அதுகளுக்கு என்னடி, ஜீப்புக்குக் காத்து நிக்க வேணாம். கங்காணி கிட்டப் பேச்சு வாங்க வேணாம்."

"கங்காணி ஒருநாள் அதுககிட்டப் பேசிப் பாக்கட்டும். மூஞ்சி பூரியாட்டம் வீங்கிரும்."

முன்சீட்டில் இருந்த கங்காணி திரும்பாமலே, "மதி, மதி, விடுங்க" என்றார். போதும் என்பதற்கு அவர் மலையாளத்தில்தான் சொல்வார்.

அப்போது ஏலம் பூக்கவில்லை. சரங்கள் விரல் நீளத்துக்கு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. ஆனால் கோடை மழை ஒன்றிரண்டு விழுந்திருந்ததால் பாதையோரமும் வரப்பும் ஓடைக்கரையும் களையாகப் பூத்திருந்தன. தொட்டாச்சிணுங்கியின் ரோஜா நிற உருண்டை, வெட்டுக்காயப் பூண்டு, ஊதா நிறத்தில் பொடிப்பொடியாகப் பூத்து நாறும் ஒரு செடி, எனக்குப் பெயர் தெரியாத இன்னும் சில. காலில் மகரந்த உருண்டையோடு தேனீக்கள் பெட்டி வாசலில் இறங்குவதை மதினி குத்தவைத்துப் பார்த்தார். உருண்டைகள் மஞ்சள், வெளிர் பச்சை, சாம்பல் என்று பல நிறத்தில் வந்தன. மூடியைத் திறந்து காட்டினார். அடையில் தேன் ஏறியிருந்தது. ராணி முட்டை வைத்திருந்தது.

"அடிவாரத்துல நாம பாக்குற செடிகளுக்கு இந்தக் களைக ஒண்ணுவிட்ட அக்கா தங்கச்சிக" என்றார். "ஏலம் பூக்கிற வரைக்கும் இதுக பாத்துக்கிரும்."

சித்திரையில் வீரபாண்டித் திருவிழா வந்தது. மதினிக்கு அக்கினிச்சட்டி நேர்த்திக்கடன். காப்புக் கட்டி விரதம் தொடங்கியதிலிருந்து திருவிழா முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பும்வரை அவர் மலைக்குப் போகவில்லை. நானும் வீட்டு வேலையில் இருந்துவிட்டேன். அண்ணன் மட்டும் தினமும் போய் வந்தார். பெட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால், "ராசாவாட்டம் இருக்கு" என்றார்.

மதினி மறுபடி மலைக்குக் கிளம்பிய காலையில் அண்ணன் வழக்கத்துக்கு மாறாகச் சந்தோஷமாக இருந்தார். "ஏறு புள்ள வெரசா. ஒண்ணு காட்டுறேன்." ஜீப்பில் கங்காணியும் சிரித்துக்கொண்டே வந்தார்.

கீழ்ப்பத்திக்குத் திரும்பும் இடத்தில் ஜீப்பு நின்றது. நான் முதலில் பார்த்தது நிறத்தை. பாதையின் இரு ஓரமும் வைக்கோல் நிறத்தில் இருந்தன. வரப்பில் மண் தெரிந்தது. ஓடைக்கரையில் அறுத்த தண்டுகள் ஒரே உயரத்தில் நின்றன. ஏலச்செடிகளுக்கு இடையே தரை கூட்டிவிட்டதுபோல் இருந்தது. பெட்டிகளைச் சுற்றிக் கற்களை அடுக்கி அழகாக ஒரு வட்டம் போட்டிருந்தார்கள்.

"எப்படி?" என்றார் அண்ணன். "பக்கத்துத் தோட்டத்துக்காரன் வந்து பாத்துட்டு வாயப் பொளந்துட்டான்."

"காடுவெட்டி மிஷினு வச்சு வெட்டுனோம் அக்கா" என்றார் கங்காணி. "மிஷினு போகாத எடத்துல களைக்கொல்லி. தேடுனாலும் ஒரு பூவு கெடைக்காது."

"ஒன் ஈக்கு இனிமே பராக்குப் பாக்க ஒண்ணும் இல்ல" என்றார் அண்ணன். "அங்க மேயுறது, இங்க மேயுறதுங்கிற சோலியே கிடையாது. ஏலம் பூத்ததும் நேரா அதுக்குத்தான் போகணும்."

அண்ணனை மடையர் என்று யாரும் நினைக்கக் கூடாது. அந்த மலையில் களை நிற்கும் தோட்டத்தைப் பார்த்தால், முதலாளிக்கு உடம்புக்கு முடியவில்லையா, கைமாறப் போகிறதா என்று ஜீப்பிலேயே பேசுவார்கள். ஏலம் பூக்கும் பருவத்துக்கு முன்னால் தோட்டத்தைச் சுத்தம் பண்ணுவது கல்யாணத்துக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பது மாதிரி. மேல்பத்தியைவிடக் கீழ்ப்பத்தியைத்தான் அவர் அதிகம் சுத்தம் பண்ணியிருந்தார். மதினி ஜெயிக்க வேண்டும் என்று அவர் நினைத்திருந்தார். வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மதினி ஒரு பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார். தேனீக்கள் வெளியே போய்க்கொண்டிருந்தன, வந்துகொண்டும் இருந்தன. வந்தவற்றின் காலில் உருண்டை இல்லை.

"ஏங்க, ஏலம் எப்பப் பூக்கும்?"

"இந்தா, இன்னும் ரெண்டு மூணு வாரம். மழையப் பொறுத்து."

"அதுவரைக்கும் இதுக எதத் திங்கும்?"

கங்காணி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் வரப்பைப் பார்த்தார்.

"ஒனக்காகத்தான புள்ள செஞ்சேன்" என்றார் அண்ணன்.

"தெரியும்" என்றார் மதினி. எழுந்து அடுத்த பெட்டியின் முன்னால் போய் உட்கார்ந்தார். சண்டை போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாளிலிருந்து சர்க்கரைப் பாகு. சிரட்டையில் ஊற்றி, தேனீ விழுந்து சாகாமல் இருக்க மேலே வைக்கோல் துண்டு போட்டுப் பெட்டிக்குள் வைத்தார். அண்ணன் சர்க்கரை மூட்டையைத் தானே தோளில் தூக்கி வந்தார். எறும்பு வந்தது. ஒரு பெட்டித் தேனீ இன்னொரு பெட்டிக்குள் புகுந்து திருடியதில் வாசலில் சண்டை நடந்து பிணங்கள் கிடந்தன. பிறகு மழை பிடித்தது. மூன்று நாள் மூடுபனி விலகவில்லை. தேனீ வெளியே வரவில்லை. மதினி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "முட்டை இல்ல. ராணி நிறுத்திருச்சு" என்றார். பாகு வயிற்றை நிரப்பும், குஞ்சு வளர்க்க மகரந்தம் வேண்டும் என்றார். மகரந்தம் வைத்திருந்த செடிகள் ஓடைக்கரையில் அழுகிக்கொண்டிருந்தன.

மழை விட்ட முதல் நண்பகலில் நான் அங்கே இருந்தேன். கடைசிப் பெட்டியில் முதலில் ஓசை மாறியது. முணுமுணுப்பாக இருந்தது, துணி கிழிவதுபோல் ஆயிற்று. வாசல் வழியே தேனீக்கள் ஒழுகி வந்தன, அந்தரத்தில் சுற்றின. வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள்.

"தண்ணியத் தெளிங்கடி! மண்ண வாரி எறிங்க, கீழ எறங்கிரும்!"

எறிந்தார்கள். மண் இலைகளில் பட்டு எங்கள் தலையிலேயே விழுந்தது. கூட்டம் நிழல் மரங்களின் உயரத்துக்கு எழும்பியது, கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் நின்றது, பிறகு காட்டுப் பக்கம் நகர்ந்து போயிற்று. மதினி எதையும் எறியவில்லை. கையில் பாகுச் சிரட்டையோடு நின்றார். சம்பளம் கேட்டுக் கேலி செய்த பெண் அவர் கையிலிருந்து சிரட்டையை மெல்ல வாங்கி ஓரமாக வைத்தாள்.

அந்த வாரத்துக்குள் இன்னும் மூன்று பெட்டிகள் காலியாயின. திறந்து பார்த்தால் வெறும் அடை, அதன்மேல் அந்துப்புழுவின் நூல். ஒன்றே ஒன்று, ஓடைக்கு மிக அருகே இருந்த பெட்டி, பாதிக் கூட்டத்தோடு தங்கிவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. ஓடைக்கு அக்கரையில், இன்னொருவருடைய பராமரிப்பில்லாத துண்டு நிலத்தில், வெட்டாத களை இருந்தது. அதுதான் காரணமாக இருக்கலாம். நிச்சயமாகச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

பிறகு ஏலம் பூத்தது. அந்த வருஷம் நல்ல பூ. காலையில் போனால் கீழ்ப்பத்தி முழுக்கத் தரையில் வெள்ளை. ஒரு பெட்டியின் பாதிக் கூட்டமும் காட்டிலிருந்து வந்த சில தேனீக்களும் எட்டிய இடத்தில் காய் வைத்தது. மற்ற இடங்களில் மதினி சரத்தைத் தூக்கிப் பார்த்தார். பூ இருந்த இடத்தில் காம்பு மட்டும் இருந்தது. உதிர்ந்த பூக்களை உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தார். ஜீப்பு வந்ததும் கொட்டிவிட்டார்.

எஞ்சிய பெட்டியைக் கீழே கொண்டுபோய்விடுவது என்று அவரே முடிவு செய்தார். வெயில் மங்கி, வெளியே போன தேனீக்கள் எல்லாம் திரும்பியபின் வாசலைத் துணியால் அடைத்தோம். அண்ணன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். வளைவுகளில் ஓட்டுநரிடம் "பைய, பைய" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அடிவாரத்து முந்தல் ஊரைத் தாண்டியதும் காற்று சூடாயிற்று. அடிவாரப் பாதையில், தெரிந்தவரின் மாந்தோப்புக்குள், வேலியை ஒட்டிப் பெட்டியை வைத்தோம். வேலிக்கு வெளியேதான் எங்கள் தும்பையும் நாய்த்துளசியும். தோப்புக்காரர் அடுத்த மழைக்குப் பிறகு ஓரமெல்லாம் உழவு ஓட்டப் போவதாகச் சொன்னார். மதினி தலையாட்டிக்கொண்டார்.

மறுநாள் நடையில் தும்பையருகே நின்றோம். ஒரு தேனீ முதுகில் மாவோடு பூ மாறிக்கொண்டிருந்தது.

"நம்ம பெட்டியதா?" என்றேன்.

"யாருக்குத் தெரியும்?" என்றார். "எல்லாம் ஒரே மாதிரித்தான இருக்கு." பிறகு, "நாளைக்கு நான் மேல போகணும். பீப்பாய் கழுவணும்" என்றார்.

நானும் போனேன். கீழ்ப்பத்திக்கான மருந்துப் பீப்பாய் ஸ்டோருக்குப் பின்னால், போன வருஷத்துக் கசடோடு கவிழ்ந்து கிடந்தது. ஸ்டோர் என்பது ஏலக்காய் காயவைக்கும் கட்டடம். மதினி ஜீப்பின் சீட்டுக்கு அடியிலிருந்து கையுறையை எடுத்து உறையைப் பிரித்து மாட்டிக்கொண்டார். சேலையைச் செருகிக்கொண்டு, தென்னை நார் வைத்து உள்பக்கம் தேய்த்தார். அண்ணன் ஓடிவந்தார்.

"எந்திரி புள்ள. நான் கழுவிக்கிறேன். வெளையாட்டுக்குச் சொன்னதப் போயி..."

"வெளையாட்டுக்குச் சொல்லல."

"ஆளுக பாக்குறாக."

"பாக்கட்டும். சொன்னேன்ல?"

மூன்று தடவை கழுவி ஊற்றினார். ஊற்றிய தண்ணீர் ஓடைக்குப் போகாமல் இருக்க, முன்னமே ஒரு குழி தோண்டி வைத்திருந்தார். பீப்பாயைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றி அண்ணனிடம் நீட்டினார். அவர் வாங்கிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார்.

மலையிறங்கக் கிளம்பும்போது மதினி ஜீப்பின் பின்னால் பெண்களோடு ஏறிக்கொண்டார். அண்ணன் என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"நல்லதுக்குத்தான் செஞ்சேன்னு அவகிட்டச் சொன்னியா பாப்பா?"

"அவுகளுக்குத் தெரியும்ணே."

"தெரிஞ்சும் ஒரு வார்த்தை வையலையே. வஞ்சிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன்ல."

"மருந்த நீங்களா நிறுத்தலாம்ல? இன்னொரு போகம் பாக்கலாம்ல?"

"காயில சொறி விழ ஆரம்பிச்சிருச்சு" என்றார். அதுவும் உண்மை. அன்று காலை நானே பார்த்திருந்தேன்.

அடுத்த வாரம் கீழ்ப்பத்தியில் மருந்தடித்தார்கள். அன்று ஆள் குறைவு. அண்ணன்தான் குழாயைப் பிடித்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, முற்றத்துக் குழாயில் சோப்புப் போட்டுக் கையை வெகு நேரம் கழுவினார். சட்டைப்பையிலிருந்து கையுறையின் விரல்கள் வெளியே தொங்கின. அவை மருந்தில் நனைந்திருக்கவில்லை.

மதினி மருந்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. தட்டை வைத்தார், சோறு போட்டார், குழம்பு ஊற்றினார். அண்ணன் கேட்காமலே, தட்டின் வலது பக்கத்தில் கரண்டியை வைத்தார்.